ரஜனிக்கு ஐந்து நாள்

– அஞ்சு நாளோ? எனக்கென்ன தடிமன் காய்ச்சலே, துஷா? மார்பில கான்சர் வந்தவளுக்கு அஞ்சு நாள் கரண்ட் பிடிச்சாக் காணுமாம்!

– கத்தாதைங்கோ அக்கா, ஓட்டோக்காரர் கண்ணாடியில பார்க்கிறார். டொக்டர் வடிவா விளங்கப்படுத்தினவர்தானே. கட்டி சின்னன். நேரத்தோட பிடிச்சு வெட்டி எடுத்தாச்சு. முந்திப் பதினைஞ்சு நாள் குடுத்த கதிர்வீச்சை இப்ப உங்களைப்போல ஆக்களுக்கு அஞ்சு நாளில முடிக்கினமாம். பலன் ஒண்டுதான்.

– அப்ப நான் முன்னுக்குப் பட்டன் வைச்சு ஆறு சட்டை தைப்பிச்சது? மேல்வீட்டு பலீலா பதினைஞ்சு நாளுக்கும் சூப்புக்கு முறை போட்டது? பிளாட்டுச் சனத்தையே அழவைச்சுப்போட்டு ஆறாம் நாள் மரக்கறி வாங்கப் போறதே? எனக்கும் ஒரு மரியாதை இருக்கு. முப்பது நாள் பிடிக்கிற டொக்டராப் பார்த்துப் போறன்.

– சூப்பைப் பதினைஞ்சு நாளும் குடியுங்கோ, ஆர் கேட்கினம்?

– சிரிக்காதை. என்னை வெளியில இருத்திப்போட்டு டொக்டரோட பத்து நிமிசம் என்ன கதைச்சனி?

– ஒண்டுமில்லை.

– அந்த ஒண்டுமில்லையில நான் டிகிரி முடிச்சவள். அம்மாவுக்கு இனிச் செய்ய வழியில்லையெண்டு என்னைத்தானே தனியக் கூப்பிட்டுச் சொன்னவங்கள். நான் வெளியில வந்து பல்லைக் காட்டிக்கொண்டு, “கரண்ட் காணுமாம், உங்களுக்குச் சுகமாம்” எண்டனான். அம்மா அண்டைக்கு ரெண்டு வடை சாப்பிட்டவ. நாலு மாசம்தான் இருந்தவ.

– அது வேற அக்கா.

– சொல்லு, எனக்கு எத்தினை மாசம்? சட்டையளை ஆருக்குக் குடுக்கிறதெண்டு யோசிக்கோணும்.

– உங்களைப் பற்றிக் கதைக்கேல்லை.

– பொய். நான்தானே நோயாளி. வேற ஆரைப் பற்றிக் கதைக்கிறது?

– என்னைப் பற்றி.

– என்னடி?

– குளிக்கேக்க மார்பில ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒரு மாசமாச்சு. உங்கட அலுவல் முடியட்டுமெண்டு இருந்தனான். வியாழக்கிழமை ஸ்கானுக்கு வரச் சொன்னவர்.

– ஒரு மாசமா நான் உன்னைக் கூட்டிக்கொண்டு பட்டனுக்குக் கடை கடையாத் திரிஞ்சிருக்கிறன். விசரி நான். கையைத் தா. எல்லாக் கட்டியும் கான்சர் இல்லை. அப்பிடியெண்டாலும் பயப்பிடாதை, அஞ்சு நாள் கரண்ட் காணும்.

– அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுறீங்கள்.

– ஓம், அதே வசனம்தான். ஆனா இந்தமுறை நம்பலாம். திங்கட்கிழமை தொடக்கம் அஞ்சு நாளும் நான் போய் அந்த மெசினுக்குக் கீழ படுத்துக் காட்டுறன், நீ பக்கத்தில இருந்து எண்ணு.