‘தெரியல’ என்று சொன்ன தயிர் டாக்டருக்கு

குழந்தைகள் கல்லீரல் நலப் பிரிவைத் தொடங்கி, தூக்கி நிறுத்தி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமை மருத்துவர் அம்மையார் அவர்களுக்கு, அப்பிரிவின் ஊழியர்கள் அனைவரும் நெகிழ்ந்த நெஞ்சோடு வாசித்தளிக்கும் மடல்.

கொழுகொழு கன்னங்களைக் கண்டு குறை கூறாமல், கொழுப்பேறிய கல்லீரலைக் கண்டு குலை நடுங்க வைக்காமல், குழந்தையைக் குழந்தையாகவே பார்த்த குணக்குன்றே! ஊசிக்கு அஞ்சி ஓடிய பிள்ளைகளை ஓட விட்டு, பின்னாலேயே தாங்களும் ஓடி, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, “இன்னிக்கு இவங்களுக்கு உடற்பயிற்சி முடிஞ்சுது” என்று அறிவித்த அருந்திறலே! பிறர் பிழையைப் பெரிதாக்காமலும் தன் பிழையைச் சிறிதாக்காமலும் பணிபுரிந்த பண்பாட்டுப் பெட்டகமே! வணக்கம்.

இதை எழுதும் வேலை உணவு ஆலோசகரான என் தலையில் கட்டப்பட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போவதால் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும் என்று ஸ்கேன் அறை அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேலே உள்ள பத்தியில் அவர் ஆசையை நிறைவேற்றிவிட்டேன். இனி ‘தாங்கள்’ என்று எழுதினால், பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே ‘நீங்கள்’ என்றே தொடர்கிறோம்.

மேடம், நமக்கு முதலில் கிடைத்த அறை நினைவிருக்கிறதா? மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறை. மேலே யாராவது படியிறங்கினால் நம் தலையில் இறங்குவது போல இருக்கும். எடை பார்க்கும் எந்திரத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது நீங்கள்தான். எண் நமக்குத் தெரிந்தால் போதும், வரிசையில் நிற்பவர்களுக்கு ஏன் தெரிய வேண்டும் என்றீர்கள். அதைப் படிக்க நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்று கழுத்தை வளைத்த வளைப்பில் இன்றும் எனக்குக் கழுத்துவலி உண்டு. இருந்தாலும் அந்த அறையை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்த அறைக்கு நீங்கள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: இங்கே யாரும் யாரையும் திட்டக் கூடாது. ஒரு தாய் தன் மகனைக் காட்டி, “தின்னு தின்னே இப்படி ஆயிட்டான், நாலு போடு போடுங்க டாக்டர்” என்றபோது, “திட்டுறதுன்னா வெளிய போய்த் திட்டிட்டு வாங்கம்மா, இந்த ரூம்ல அதுக்கு இடமில்ல” என்றீர்கள். பொய்யில்லை, நிற்கவே இடமில்லை. அந்தத் தாய் சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான். அடுத்த மாதம் அவன் வீட்டில் ஒளித்து வைத்துத் தின்ற பிஸ்கட் பொட்டலங்களைப் பற்றி அவனே வந்து உங்களிடம் ஒப்பித்தான்.

ஸ்கேன் அறை அண்ணன் சொல்லச் சொன்னது: வயிற்றில் தடவும் களிம்புக் குப்பியை நீங்கள் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவீர்கள். திரையில் வெள்ளையாகத் தெரியும் கொழுப்பைக் காட்டி, “இது உன் வீடு. கொஞ்சம் சாமான் சேந்துபோச்சு. ஒழிச்சிடலாம்” என்பீர்கள். நோய் என்ற சொல்லைக் கேட்டு அழ வந்த குழந்தை, வீட்டைச் சுத்தம் செய்யும் யோசனையோடு இறங்கிப் போகும்.

உங்கள் பட்டப்பெயர் எப்படி வந்தது என்பதையும் இந்த அவை அறியட்டும். குடலிலிருந்து புறப்படும் ரத்தம் பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அப்படியானால் குடலில் நல்ல நுண்ணுயிர்களைக் குடியேற்றினால் கல்லீரலில் கொழுப்பு குறையுமா என்ற கேள்வி உங்களைப் பல ஆண்டுகளாகப் பிடித்து ஆட்டியது. இந்த நோய்க்கென்று குழந்தைகளுக்குக் கொடுக்க நம்மிடம் மருந்து கிடையாது. சாப்பாட்டை மாற்று, ஓடி விளையாடு, அவ்வளவுதான். நுண்ணுயிர் என்றால் புரியவில்லையே என்று ஒரு நாள் பிள்ளைகளிடம் “தயிர்ல இருக்குமே, அது மாதிரி” என்றீர்கள். அன்றோடு தயிர் டாக்டர் ஆனீர்கள். “தயிர் வேற, இது வேற” என்று நீங்கள் கத்தியது எவர் காதிலும் ஏறவில்லை.

பிறகு அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வைத் தொடங்கினீர்கள். பாதிப் பிள்ளைகளுக்கு உயிருள்ள நுண்ணுயிர் கலந்த பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கடைசி வரை பெற்றோருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ருசியில் வித்தியாசம் தெரிகிறதா என்று எங்கள் எல்லோருக்கும் இரண்டையும் ஊட்டினீர்கள். குடையோடு உங்களை அழைத்துப்போக வந்த உங்கள் வீட்டுக்காரரும் தப்பவில்லை. “ரெண்டுமே சுண்ணாம்பு. வீட்டுக்குப் போலாமா?” என்று அவர் சொன்ன தீர்ப்பை நாங்கள் மறக்கவில்லை. முன்வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான்.

பொட்டலங்களைப் பாதுகாக்க நம் ஒரே குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் மதியச் சாப்பாடு ஜன்னலோரத்துக்கு இடம் பெயர்ந்தது. யாரோ வைத்துவிட்ட அரை எலுமிச்சம்பழத்துக்காக நடந்த விசாரணை ஒரு கொலை வழக்குக்குச் சமம். “உள்ள இருக்கிறது உயிருப்பா, உயிர்!” என்று அதட்டினீர்கள். பணி ஓய்வுக்கு முன்பு இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லாத வாரமில்லை.

ஆய்வு முடியும் தறுவாயில் கடைசிப் பரிசோதனைக்கு வந்தாள் புயல். நடக்கவே தெரியாது, ஓடத்தான் தெரியும் என்பதால் அந்தப் பெண்ணுக்கு நாம் வைத்த பெயர் அது. முதன்முதலில் வந்தபோது இரண்டு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டவள் அவள். கூட வந்த தாயிடம் வழக்கம்போல, பொடியை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டீர்கள்.

“ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்” என்றார் அவர், பெருமை பொங்க. “ஃப்ரிட்ஜ்லதான் பத்திரமா வெச்சிருந்தேன். பாலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, இறக்கின கையோட பொடியைப் போட்டு, கட்டியில்லாம கலக்கிக் கொடுத்துடுவேன்.”

ஸ்கேன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“கொதிக்கக் கொதிக்கவா?” என்றீர்கள் மெதுவாக.

“ஆமா. பச்சையா கொடுத்தா சளி பிடிச்சுக்குமே. ஏன் டாக்டர், தப்புப் பண்ணிட்டேனா?”

“அதுல இருக்கிறது உயிரோட இருக்கணும்மா. சூடு பட்டா செத்துப்போயிடும்.”

அந்தத் தாயின் முகம் வாடியதை நாங்கள் பார்த்தோம். “நல்ல நுண்ணுயிர்னுதான் சொன்னீங்க. அது உயிரோட இருக்கும்னு யாரு கண்டா? பொடியா இல்ல இருந்துச்சு! தெரிஞ்சிருந்தா அது மேல கொதிக்கிற பாலை ஊத்துவேனா?” என்று அழத் தொடங்கினார்.

நாம் கொடுத்த குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தீர்கள். ‘பாலிலோ தண்ணீரிலோ கலந்து கொடுக்கவும்’ என்று இருந்தது. காற்புள்ளி வரை திருத்திய அந்தத் தாளில் ‘ஆறிய’ என்ற ஒரு சொல் இல்லை. குளிர்ப்பெட்டிக்கு அத்தனை காவல் போட்ட நமக்கு, அடுப்படியில் என்ன நடக்கும் என்று தோன்றவே இல்லை. “உங்க தப்பு இல்லம்மா. இதை எழுதினது நான்” என்று சொல்லி, அவர் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

எல்லா வீடுகளையும் கேட்டாக வேண்டும் என்றீர்கள். மருத்துவமனை இயக்குநர் ஐயா இந்த மேடையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். “ஒரு வீட்டுல நடந்தது. கேட்டாத்தானே மத்தது தெரியும்? விடுங்களேன்” என்றார் அவர். நீங்கள் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டீர்கள். ஒரு தந்தை, “வெந்நீர்லதான் மேடம், சுத்தமா இருக்கணுமில்ல” என்றார். ஒரு தாத்தா, “பேத்தி ஐஸ் தண்ணி தவிர எதையும் தொடமாட்டேங்கிறா, எவ்வளவு சொல்லியும் கேக்கல” என்று வருத்தப்பட, நீங்கள், “நல்ல பொண்ணு, ரொம்ப நல்ல பொண்ணு!” என்று கூவினீர்கள். அவர் குழம்பிப்போயிருப்பார். ஆனாலும் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் பொடி கொதிக்கும் சூட்டில்தான் விழுந்திருந்தது.

திட்டு வாங்குவோம் என்ற பயம் இருந்திருந்தால் அந்த வீடுகள் எல்லாம் “ஆறிய பால்தான் டாக்டர்” என்று சொல்லியிருக்கும். யாரையும் திட்டாத உங்கள் அறைதான் உங்கள் ஆய்வைக் கவிழ்த்தது. இதைச் சொல்லும்போது எங்களுக்கு அழுவதா, பெருமைப்படுவதா என்று இன்னும் விளங்கவில்லை.

யாருக்கு எது போனது என்று சொல்லும் மறைகுறியைத் திறந்து பார்த்தோம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொழுப்பு ஓரளவு குறைந்திருந்தது. பொடி தின்றவர்களுக்கும் மாவு தின்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. சூடாகக் கொடுத்த வீடுகளை மட்டும் நீக்கிவிட்டுப் பார்த்தால் பொடி நன்றாக வேலை செய்தது போலத் தெரிந்தது. “அதையே முடிவா எழுதிடலாமே, நீங்களும் வெற்றியோட ஓய்வு பெறலாம்” என்றார் இயக்குநர் ஐயா, உங்கள் மேல் உள்ள அன்பினால்தான். “பதில் பிடிக்கலைன்னு ஆளைக் கழிச்சா அப்புறம் அது ஆராய்ச்சி இல்ல சார், ஆசை” என்றீர்கள்.

புயலுக்குப் போனது உயிருள்ள பொடிதான் என்று தெரிந்ததும் அவள் தாய் ஓடி வந்தார். “அதைத்தான் நான் கொன்னுட்டேனே, அப்புறம் எதனால இவளுக்குச் சரியாச்சு?”

“தெரியல” என்றீர்கள். “ஓடினதாலயா, சாப்பாடு மாறினதாலயா, வளர்ந்ததாலயா, தெரியல.”

“டாக்டருக்குத் தெரியாததும் உண்டா?” என்று அவர் வாயைப் பிளந்தார். நிறைய உண்டு என்று நீங்கள் சொன்னதும் அவர் ஏனோ நிம்மதியாகச் சிரித்தார்.

பிறகு அந்த மருத்துவர் மாநாடு. மற்றவர்கள் எல்லாம் வெற்றிகளைக் காட்டிய மேடையில் ஏறி, “எங்களுக்கு விடை தெரியவில்லை. காரணம், நான் எழுதாமல் விட்ட ஒரு சொல்” என்றீர்கள். பின்வரிசையில் ஒரு மருத்துவர் எழுந்தார். “எங்க ஆஸ்பத்திரித் தாள்லயும் அந்த வார்த்தை இல்ல” என்றார். இன்னொருவர் எழுந்தார். கைதட்டல் கடைசியில்தான் வந்தது. அதற்குள் நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டீர்கள்.

மறுபடியும் தொடங்க அனுமதி கேட்டு நீங்கள் நடந்த நடையை நம் பிள்ளைகள் நடந்திருந்தால் இளைத்தே போயிருப்பார்கள். அனுமதி போன வாரம் வந்தது, உங்கள் ஓய்வு இன்று வந்தது. பணி நீட்டிப்புக் கேட்டோம். விதி விதிதான் என்றார்கள். புதிய குறிப்புத் தாளைப் புயலின் தாயும் நானும் சேர்ந்து எழுதியிருக்கிறோம். ‘இது உயிருள்ள பொடி’ என்பதே முதல் வரி, அவர் பிடிவாதம். ஆய்வை நடத்தப் போவது உங்கள் இடத்துக்கு வரும் நம் பிரிவின் இளைய டாக்டர். உங்கள் கேள்வியை எங்களிடம் விட்டுவிட்டு, விடை தெரியாமலே நீங்கள் படியிறங்குகிறீர்கள். அது எங்களுக்கு வலிக்கிறது மேடம். உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா?

வழக்கமாக இந்த இடத்தில் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெறுக என்று எழுதுவார்கள். நாங்களும் அதையே கேட்கிறோம், ஆனால் சுயநலத்தோடு. விடை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அது வரும் நாளில், இயக்குநர் ஐயாவுக்கு முன்னால், மாநாட்டுக்கு முன்னால், முதல் அழைப்பு உங்கள் வீட்டுக்குத்தான். “வேலை செய்யுது மேடம்” என்றாலும் சரி, “வேலை செய்யல மேடம்” என்றாலும் சரி, நீங்கள் எங்களுக்குப் பழக்கிய அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொல்வோம். அந்த அழைப்பை நீங்களே எடுக்க வேண்டும். அதுவரை இருங்கள்.

என்றும் உங்கள்
குழந்தைகள் கல்லீரல் நலப் பிரிவு ஊழியர்கள்