மறுபக்கம் போடாதீங்க

இல்ல தம்பி, நான் மேடைக்கு வரல. எத்தனை தடவை கேட்டாலும் இதேதான். எங்க வீட்டுக்காரருக்குச் சிலை வைங்க, மாலை போடுங்க, ஸ்கூலுக்கே அவர் பேரை வைங்க. நானா குறுக்க நிக்கிறேன்? ஆனா அந்த ரெக்கார்டை என் கையாலயே போட்டு விழாவைத் தொடங்கி வைக்கணும்னீங்க பாருங்க, அது மட்டும் என்னால ஆகாது.

முன்னோடிதான், யாரு இல்லன்னா? பாட்டு டீச்சர் இல்லாட்டி என்ன, ரெக்கார்டைப் போட்டே பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தரலாம்னு முதமுதல்ல சொன்னவர் அவர்தான். சைக்கிள் கேரியர்ல ரெக்கார்டு போடுற பாட்டுப் பெட்டியை வச்சு, என் போர்வையைச் சுத்திக் கட்டிக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலா அலைஞ்சார். போர்வை போனது போனதுதான். ஊசியில தூசி படிஞ்சா மூக்குப்பொடி விரலை நக்கி நக்கித் துடைப்பார். வீட்டுக்கு வந்து அதே விரலைக் குழம்புல விட்டு உப்புப் பார்ப்பார். சீ!

அப்புறம் சொந்தமாவே ஒரு ரெக்கார்டு போட்டார். ஆமா, நீங்க படிக்கும்போது கேட்டீங்களே, அதேதான். பாட்டு ஒண்ணு, பக்கம் ரெண்டு. முதல் பக்கத்துல அவரோட மாணவி, சரியாப் பாடுறது எப்படின்னு. மறுபக்கத்துல தப்பாப் பாடுனா எப்படி இருக்கும்னு. அதைப் போட்டா வகுப்பே சிரிக்குமாமே. நீங்களும் சிரிச்சீங்கதானே? அட, சும்மா சொல்லுங்க. என்னது, இன்னும் அதே மாதிரி பாடிக் காட்டுவீங்களா? ஐயோ, வேணாம் சாமி, வாயை மூடுங்க.

எங்க பொண்ணும் மூணாவது படிக்கும்போது கேட்டுட்டு வந்து, அடுப்படியில நின்னு கையை ஆட்டி ஆட்டிப் பாடிக் காட்டினா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய? அந்த மனுஷன் பேப்பர்லேருந்து தலையைத் தூக்கவே இல்ல. அன்னைக்கு வந்த அருவருப்பு, அவர் போய்ச் சேர்ந்தும் போகல.

மறுபக்கத்துல பாடினது யாருன்னா கேக்கிறீங்க? மாணவி பேரை மட்டும்தானே அட்டையில போட்டார். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து என்னைக் கூட்டிட்டுப் போனார். ஜன்னல் இல்லாத ஒரு ரூம்ல நிக்க வச்சார். தப்பாப் பாடுன்னு சொல்லவே இல்ல தம்பி. ஸ்கூல் பிள்ளைங்க கேக்கப்போறாங்க, உனக்கு எவ்வளவு நல்லா வருமோ அவ்வளவு நல்லாப் பாடுன்னார்.

பாடினேன்.