பச்சை டேங்க் இன்னும் சாகல

இல்ல சார், உக்காருங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. அந்தப் பக்கம் பூரா வெயிலு, இங்கதான் நிழல் இருக்கு, வேற எங்க போவீங்க. திரும்பிப் பாத்துப் பேசலன்னு மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. கையில ரிமோட்டு இருக்கு, கண்ணை எடுத்தா என் டேங்க் காலி. மாஸ்க்கா? புழுதி சார். பெருங்களத்தூர் புழுதி பத்தாதுன்னு இந்தப் புகை வேற.

ஆமா, அந்த மண்ணு கலர்ல இருக்குதே, அது என்னுது. செங்கல் குவியலுக்குப் பின்னாடி பதுங்கிக்கினு இருக்கு பாருங்க. அதோ அந்தக் கோடியில, வெயில்ல நிக்குதே பச்சை...

ஓ. உங்க பையனுதா? ஹரிபிரசாத் அண்ணன் உங்க பையனா சார்? அப்போ சாயந்தரம் பரிசு குடுக்கப்போற துரைராஜ் சார் நீங்கதான். சால்வை எல்லாம் வாங்கி வெச்சிருக்காங்க, பாத்தேன். சந்தோஷம் சார். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க. அந்தப் பச்சை டேங்க் இன்னிக்கு சாகணும். ஒரே ஒரு தடவ. விளையாட்டுதான் சார், சிரிங்க.

ஐய, குண்டெல்லாம் கிடையாது. பயப்படாதீங்க. டிவி ரிமோட்ல கண்ணுக்குத் தெரியாம ஒரு வெளிச்சம் போவும்ல, அதான் நம்ம குண்டு. டேங்க் தல மேல கறுப்பா ஒரு குமிழ் தெரியுதா? அதுதான் கண்ணு. அதுல வெளிச்சம் பட்டா அடி வாங்கினதா கணக்கு. வண்டி அப்பிடியே உலுக்கும், ஓட்டம் கொறையும். அடி மேல அடி விழுந்தா செத்துடும். மோட்டார் நின்னுடும், உள்ளேருந்து புகை வரும், சாகற சத்தம் ஒண்ணு ஓடும். அப்புறம் ஓட்டறவரு தலகீழா நின்னாலும் வண்டி நகராது.

இருங்க இருங்க... உங்க பையன் சுடறாரு. பாத்தீங்களா? குழா மொனையில நெருப்பு மாதிரி மின்னுச்சா, குழா பின்னாடி போயி வந்துச்சா, வண்டியே ஒரு அசை அசைஞ்சுதா? அந்தக் குழாய பின்னாடி இழுக்கறது கார் வைப்பர் மோட்டார் சார். புகை வந்து கிளிசரின். அடில ஓடுற பட்டை இருக்குதே, அது சைக்கிள் செயினு. தூக்கிப் பாத்தீங்கன்னா ரெண்டு அரிசி மூட்ட கனம். ரெண்டு வீல்சேர் மோட்டார்தான் அத்தனையும் இழுக்குது.

எனக்கு எப்பிடித் தெரியும்னா... டேங்க் செய்யறவங்களுக்குத் தெரியும் சார். ஒருத்தர் செஞ்சத ஒருத்தர் பாப்போம்ல.

டேய் ஜோனத்தான், பேட்டரி எவ்ளோ இருக்குன்னு பாத்து சொல்லுடா. கொஞ்சமா? கொஞ்சம்னா எவ்ளோடா? சரி சரி, கத்தாத. என் காலேஜ் ஃப்ரண்டு சார். நான் பயப்படறதுக்கு மேல அவன் பயப்படுவான். எங்க வூட்ல மொதமொதல்ல காலேஜ் போனது நான், அவுங்க வூட்ல அவன். ரெண்டு பேரும் எதுக்கெடுத்தாலும் பயந்து பயந்துதான் டிகிரி வாங்கினோம்.

இல்ல, நான் ஒளிஞ்சுக்கினு இல்ல. காத்துக்கினு இருக்கேன். உங்க பையன் விவரம் சார். வெயில்ல நின்னா அந்தக் கண்ணு கூசிடும். சூரியன் வெளிச்சத்துல நம்ம வெளிச்சம் அதுக்குத் தெரியாது, எவ்ளோ சுட்டாலும் அடி விழாது. ஆனா அங்க இருந்துக்கினு அவரு நிழல்ல இருக்கறவங்கள சுடலாம். அதான் இத்தன போட்டியில அந்தப் பச்சை ஒரு தடவகூட சாகல. சட்டத்துல தப்பே இல்ல. வெயில்ல நிக்கக் கூடாதுன்னு யாரும் எழுதி வெக்கல.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது ரெண்டு வண்டியையும் இந்த நிழல் பக்கத்துலேருந்துதான விட்டாவணும், அப்போ நல்லா குடுத்தேன். இன்னும் ஒரே ஒரு அடி பட்டா பச்சை காலி. ஆனா எனக்கும் அதே கதைதான். என்னுதும் ஒரு அடியில போயிடும். அதுக்குள்ள லோகநாதன் சார் விசில் ஊதிட்டாருன்னா டிரா. அதோ, கையில விசில வெச்சுக்கினு நிக்கறாரே நடுவர், அவருதான்.

நிழலுக்குதான் காத்திருக்கேன் சார். நீங்க உக்காந்துருக்கீங்களே, இதே நிழல். இந்த ஏழு மாடி பில்டிங்கோட நிழல். கொஞ்சம் கொஞ்சமா கிரவுண்டுல ஏறிக்கினே போவுது பாருங்க. உங்க பையனும் வெயிலோடவே பின்னாடி பின்னாடி போறாரு. காம்பவுண்டு சுவரு வந்துட்டா அதுக்கு மேல எங்க போவாரு?

பில்டிங்கும் உங்களுதா? அப்பிடியா சார். நல்லா கட்டிருக்கீங்க. இங்க சேர் போட்டு உக்காந்துருக்கறவங்க எல்லாம் உங்க கிட்ட ஃப்ளாட் வாங்கினவங்களா? அதான் வர்றவங்க போறவங்க எல்லாம் உங்களுக்கு வணக்கம் வெக்கறாங்க. உங்களப் பத்தி ரொம்ப நல்லா சொல்றாங்க சார். அதிர்ந்து பேச மாட்டாராம், பெரிய மனுஷனாம். அந்தப் பச்சப் பொடவ கட்டின ஆன்ட்டி இப்பதான் சொல்லிக்கினு இருந்தாங்க.

இது என் ரெண்டாவது டேங்க் சார். மொதல்ல ஒண்ணு செஞ்சேன். அதுதான் பெருசு. காலேஜ் மூணாவது வருஷம் ஆரம்பிச்சேன். மொட்டமாடில ஒரு ஷீட்டு போட்ட ரூம்ல குடியிருந்தோம், அதுக்கு வெளிய ஒரு ஓரம். எங்கப்பா ஷேர் ஆட்டோ ஓட்றாரு. ஸ்டாண்டுல அவர கேலி பண்ணுவாங்களாம், பொண்ணு என்னாய்யா பண்ணுது, சண்டைக்கா போவப்போவுதுன்னு. அவரு சவாரி போற எடமெல்லாம் காயலாங்கட கண்ணுல பட்டா நிறுத்தி மோட்டார் தேடுவாரு. ஆட்டோல உக்காந்துருக்கற ஜனம் திட்டும். வீல்சேர் மோட்டார் ரெண்டும் அவரு கொண்டாந்ததுதான்.

ஆமா சார், வீல்சேர் மோட்டார்தான். அதேதான்.

சத்தத்துக்குதான் ரொம்ப அலஞ்சேன். கடையில ரெடிமேடா சத்தம் கிடைக்கும், ஆனா அது பொம்ம சத்தம். நெஜ டேங்க் எங்க போயி பதிவு பண்றது? எங்க தெருவுல தண்ணி லாரி வரும்ல, பழைய லாரி, ஸ்டார்ட் பண்ணா தெருவே ஆடும். அத பதிவு பண்ணேன். கொஞ்சம் கனமாக்கிப் போட்டா, அப்பா, அசல் டேங்க் சார். என்ன, லாரி ஸ்டார்ட் ஆவும்போது எங்கம்மா கியூவுல நின்னுக்கினு, கொடத்த நகத்தும்மான்னு யாரையோ சொன்னாங்க. அதுவும் லேசா பதிவாயிடுச்சு. அழிச்சுப் பாத்தேன், போவல. சரி, இருந்துட்டுப் போவுதுன்னு வுட்டுட்டேன்.

தண்ணி பாட்டிலு உங்க சேருக்குக் கீழ இருக்கு சார். எடுத்துக் குடிங்க. என்னுதுதான், பரவால்ல.

அந்த டேங்க் என்ன ஆச்சா? சொல்றேன். வூட்டு ஓனருக்கு அந்த எடத்துல பில்டிங் கட்டணும். காலி பண்ணச் சொன்னாரு. பண்றோம்னுதான் சொன்னோம். பரீட்ச முடியட்டும்னு அப்பா கேட்டாரு, அவ்ளோதான். ஓனரு அதிகம் வர மாட்டாரு, வந்தாலும் வாசல் கேட்டாண்ட நின்னு அப்பாவத்தான் கூப்புடுவாரு, எங்களயெல்லாம் நிமிந்துகூடப் பாத்ததில்ல. அன்னிக்கு அப்பா இல்ல. அம்மா எறங்கிப் போனாங்க. தெருவே கேக்கற மாதிரி கத்தினாரு. எங்கம்மாவப் பாத்து ஒரு வார்த்த சொன்னாரு. அம்மா மேல வந்து அடுப்ப தொடச்சாங்க. தொடச்ச அடுப்பையே தொடச்சுக்கினு இருந்தாங்க.

நான் படியில நின்னு போன்ல பதிவு பண்ணேன்.  இதுமாதிரி ஆளுங்க பேசறத பதிவு பண்ணி வெச்சுக்கன்னு ஜோனத்தான்தான் சொல்லிருந்தான். அடுத்த ஞாயித்துக்கெழம திருநீர்மலைக்குப் போயிட்டு வந்து பாக்கறோம், வூட்டு சாமானெல்லாம் தெருவுல கெடக்கு. கட்டிலு, பாத்திரம், என் புக்கு, எல்லாம் இருந்துச்சு. டேங்க் மட்டும் இல்ல. கேட்டதுக்கு, அந்த இரும்புக் குப்பையா, காயலாங்கடைக்குப் போட்டாச்சுன்னு சொன்னாரு.

போலீசுக்குப் போனோமே சார். ஸ்டேஷன்ல டேங்குக்கு பில்லு இருக்கான்னு கேட்டாங்க. காயலாங்கட மோட்டாருக்கு எவன் சார் பில்லு குடுப்பான்? பதிவ கேளுங்கன்னு போன நீட்டினேன். அதையும் யாரும் காதுல வாங்கல.

இல்ல, காயலாங்கடைக்குப் போவல. போன வருஷம் செலையூர்ல ஒரு போட்டி நடந்துச்சு, சும்மா வேடிக்க பாக்கப் போயிருந்தேன். புதுசா ஒருத்தரு ஒரு பச்சை டேங்க் கொண்டாந்தாரு. ரெண்டு வருஷம் உக்காந்து நானே செஞ்சேன்னு மைக்ல சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். கலரு வேற, தல வேற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணாரு.

கொடத்த நகத்தும்மா.

அவ்ளோ ஜனம் சுத்தி நிக்குது, யாருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு.

எங்க சார் கெளம்பிட்டீங்க? உக்காருங்க. குறுக்க வராதீங்க, ஆட்டம் நடக்கும்போது கயித்துக்கு உள்ள ஆளு போவக் கூடாது, லோகநாதன் சார் சத்தம் போடுவாரு. பரிசு குடுக்கறவரே சட்டத்த மீறலாமா? உங்க ஃப்ளாட்டுக்காரங்க எல்லாம் பாத்துக்கினு இருக்காங்க. ஆங். அப்பிடி உக்காருங்க.

எங்க குடியிருந்தோமா? பக்கத்துலதான் சார். ரொம்பப் பக்கம்.

பாருங்க பாருங்க, சுவரு வந்துடுச்சு. நிழல் பட்டையத் தொட்டுடுச்சு. இன்னும் தல மட்டும்தான் வெயில்ல இருக்கு. ஜோனத்தான், லோகநாதன் சாரப் பாரு, விசில வாய்க்குக் கொண்டுபோறாரா? இல்லல்ல? சரி. நான் வெளிய வர்றேன். வந்தே ஆவணும். செங்கல்ல தாண்டினா அவருக்கு நான் தெரிவேன்... சுட்டாரு! போச்சு... இல்ல, இல்ல, செங்கல்ல பட்டுடுச்சு. மறுபடி சுடறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும் அதுக்கு. எனக்குத் தெரியும் எவ்ளோ நேரம்னு. நான்தான வெச்சேன்.

ஆமா சார். நான்தான் வெச்சேன். இன்னும் புரியலையா? ஷேர் ஆட்டோ தனக்கோடி பொண்ணு சார். அனுப்பிரியா. இந்த ஏழு மாடிக்கு அடியிலதான் எங்க மொட்டமாடி இருந்துச்சு. அந்தப் பச்சப் பெயின்ட்டுக்கு அடியில நான் அடிச்ச மண்ணு கலரு இருக்கும். உங்க பையனும் பில்டிங்கும் யாருதுன்னு தெரியாத மாதிரி கேட்டேன்ல, அது மட்டும் பொய்யி. மத்ததெல்லாம் நெஜம்.

திருப்பிக் கேக்க வரல சார். வேணாம். உங்க பையனே வெச்சுக்கட்டும். நல்லாதான் பாத்துக்கறாரு, எண்ணெயெல்லாம் போடறாரு. உள்ள இருக்கற ஸ்பீக்கரக்கூட எடுத்துட்டு என்னுத விடப் பெருசா போட்டிருக்காரு. கிரவுண்டு பூரா கேக்கும். சத்தம் ஏத்தின கார்டத்தான் மாத்தல. எதுக்கு மாத்தணும், நல்லாத்தான ஓடுதுன்னு நெனச்சிருப்பாரு. ஓடுற சத்தம், சுடற சத்தம், அடி வாங்கற சத்தம் எல்லாம் கேட்டிருக்காரு. ஒண்ணுதான் கேட்டதில்ல. எப்பிடிக் கேட்டிருப்பாரு? அந்த டேங்க் இன்னும் சாகவே இல்லையே.

அடிச்சேன். அடி விழுந்துடுச்சு! பாத்தீங்களா, குலுங்குச்சு பாருங்க. மோட்டார் நின்னுடுச்சு. டேய், கத்தாதடா, சும்மா இரு. புகை வருது பாருங்க சார். என்னா அழகா வருது.

சாகற சத்தத்துக்கு அப்போ எங்கிட்ட நல்லதா ஒண்ணும் இல்ல சார். கார்டுல அந்த எடம் காலியா கெடந்துச்சு. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி அழுதுக்கினே போன்ல இருந்தத எடுத்து அதுல போட்டுட்டேன். இப்போ ஆரம்பிக்கும். மொதல்ல கேட்டத் தட்டறீங்க, அப்புறம் எங்கப்பா பேரச் சொல்லிக் கூப்புடறீங்க, அப்புறம் எங்கம்மா எறங்கி வர்றாங்க.

ஓடிப் போயி நிறுத்தச் சொல்றீங்களா? சொல்லுங்க சார். ஸ்விட்ச்சு உள்ள இருக்கு. மேல் மூடில நாலு ஸ்குரூ. உங்க பையன் அத்தனையும் கழட்டறதுக்குள்ள நீங்க பேசி முடிச்சிருப்பீங்க.