ஒருத்தருமில்லாத ஊர்

— பயணம் போற கிறிஸ்துராஜாவுக்குப் போனிலை என்ன சொன்னனீங்கள்?

— ஜெனீவாவிலை ஏறினால் வலப்பக்கம் இருக்கச் சொன்னனான். லோசான் வரைக்கும் ஏரி கூடவே வரும்.

— நாங்கள் அந்த ட்ரெயினிலை மூண்டுதரம் போனனாங்கள். நான் ஏரியைக் காணேல்லை.

— யன்னலோடைதானே இருந்தனீர்?

— மடியிலை உங்கடை சித்தி தந்த மீன்குழம்புச் சட்டி. தளும்பாமல் பிடிக்கச் சொன்னனீங்கள். சட்டியைப் பாத்துக்கொண்டு வந்தன்.

— அதை இப்ப ஏன் கதைக்கிறீர்?

— "நித்தியானந்தன் அண்ணையைக் கேள், யூரோப் முழுக்கச் சொல்லுவார்" எண்டு சனம் போன் எடுக்குது. நீங்களும் சொல்லுறியள். எனக்குத் தெரிஞ்ச பாரிஸ் உங்கடை மச்சாளின்ரை குசினி.

— அவை ஆசையாய்ச் சமைச்சுத் தந்தவை, ஈஸ்வரி.

— ஆர் சமைச்சது? பேர்லினிலை எட்டுப் பேருக்கு இடியப்பம் புழிஞ்சது நான்.

— சொந்தக்காரர் இருக்கேக்கை ஹோட்டலிலை நிண்டால் என்ன நினைப்பினம்?

— அதாலைதானே இந்தமுறை ஒருத்தருமில்லாத ஊராய்ப் பாத்து, மகன் துஷாந்தனைக் கொண்டு ஹோட்டல் புக் பண்ணுவிச்சனான். மூண்டே மூண்டு நாள். என்ரை முழங்கால் ஒப்பரேஷனுக்கு முதல் ஒரு மலையடியிலை நடக்கவேணும். இப்பவே பக்கத்திலை இருக்கிற இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு நடக்க ஏலாமல் கிடக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு கும்பிட்டுக் கேட்டனான்.

— ம்.

— என்ன ம்?

— சூரிச்சிலை அக்காவின்ரை மகன் நிஷாந்துக்கு மட்டும் சொன்னனான். வாயிலை வந்திட்டுது.

— சொல்லுங்கோ.

— தங்கடை வீட்டிலைதான் நிக்கவேணுமாம். அந்த மலை அங்கையிருந்து ஒரு மணித்தியாலம்தானாம், நேரமிருந்தால் காரிலை கொண்டுபோய்க் காட்டுவானாம். உம்மடை கையாலை ஒடியல் கூழ் குடிச்சுக் கனகாலமாம்.

— எத்தினை பேருக்கு?

— சனிக்கிழமை பதினைஞ்சு பேரைக் கூப்பிட்டிட்டான்.

— ஹோட்டல்?

— நேற்றுக் கான்சல் பண்ணிப்போட்டன். கோவிக்காதையும். அவன் சின்னனிலை இருந்து எங்களோடை ஒட்டு.

— கோவமில்லையப்பா. களைச்சுப்போனன்.

— அடுத்தமுறை கட்டாயம் தனியப் போவம்.

— ஓம்.

— ஒடியல் மாவை உம்மடை பெட்டியிலை வைக்கட்டோ?

— உங்கடை பெட்டியிலை வையுங்கோ. கூழ் காய்ச்சுற விதம் பேப்பரிலை எழுதித் தாறன். ஹோட்டல் கான்சல் எண்டு காலமை துஷாந்தனுக்கு ஈமெயில் வந்தது. அறையை நான் திரும்ப எடுக்கச் சொன்னனான், ஒரு ஆளுக்கு.