நான் பேசுறது கேக்குதா?

...இன்னும் லேப்டாப்போட அடிமூடியைக் கழட்டவே இல்லையா நீங்க? நான் வந்து கால் மணி நேரம் ஆச்சுண்ணே! நாலு மணிக்கு மீட்டிங்கு. நாலு மணிக்கு! அங்க வீட்டுல எங்க வீட்டுக்காரரு இஸ்திரி போட்ட சட்டையும் அரை டவுசருமா நாற்காலி நுனியில உக்காந்திருக்காரு. ஆமா, மேல ஆபீசு, கீழ வீடு. ஆன்லைன்ல பாதி மனுஷன்தானே தெரியும், மீதிக்கு எதுக்கு இஸ்திரி?

ஏன் அந்தத் திரைக்கு மேலேயே பாக்குறீங்க? கோளாறு அங்க இல்ல. உள்ள இருக்கு. மூஞ்சி மங்கலாத் தெரியுது, குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வருது... இது உள்காய்ச்சல்ண்ணே. நீங்க கழட்டுங்க, நான் சொல்றேன்.

உங்க கடை நல்ல கடைன்னு ஊரே சொல்லுது. என்னமோ, எனக்குக் கை வைக்க இடம் இல்ல. அந்த மூலையில கிடக்குற பிரிண்டரு யாரோடது? குடுத்தவங்க இருக்காங்களா, போயிட்டாங்களா? சரி சரி, முறைக்காதீங்க. ஸ்குரூவைப் பாருங்க.

எங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு கேக்கவே இல்லையே நீங்க? லிஃப்ட் சோதிக்கிறவரு. இருபத்தி ரெண்டு வருஷம். நீங்களும் நானும் லிஃப்டுக்குள்ள ஏறி பட்டனை அமுக்குவோம். இவரு லிஃப்டு மேல ஏறி நிப்பாரு, அந்த இருட்டுக் குழிக்குள்ள, கயிறு கயிறாத் தடவிக்கிட்டு. பேச்சுன்னு பாத்தா ரெண்டே ரெண்டு வார்த்தை. 'ம்'... 'ம்ஹும்'. அவ்வளவுதான்! கல்யாணத்தன்னைக்கே என்கிட்ட 'ம்'னுதான் சொன்னாரு. நான் அதை வெட்கம்னு நெனச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, அதான் முழு உரையும்.

ஆனா ஒண்ணுண்ணே. அந்த 'ம்ஹும்' இருக்கே... ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு இஞ்சினியருங்க பாத்து, எல்லாம் சரின்னு கையெழுத்தே போட்டாச்சு. இவரு சுவத்துல காதை வெச்சாரு. நின்னாரு. 'ம்ஹும்'னாரு. லிஃப்டை நிறுத்திட்டாங்க. பிரிச்சுப் பாத்தா, உள்ள கம்பிக்கயிறு சேமியா மாதிரி பிரிஞ்சு கிடக்கு! இவரு 'ம்ஹும்'னா லிஃப்டே நிக்கும்ண்ணே. வீட்டுல மட்டும் எதுவும் நிக்காது. என்னைத்தான் சொல்றேன், சிரிச்சுக்கோங்க, பரவால்ல.

இப்ப அம்பத்தி மூணு வயசு. முட்டி ரெண்டும் துருப்பிடிச்ச கீலு. ராத்திரி திரும்பிப் படுத்தாக் கதவு திறக்குற சத்தம் கேக்குது. இந்த நேரம் பாத்து மேற்பார்வையாளர் வேலை ஒண்ணு காலியாச்சு. ஏற வேணாம், இறங்க வேணாம், உக்காந்து சொன்னாப் போதும். யாருக்குக் குடுக்கணும்? இவருக்குத்தானே? தலைமை ஆபீசுல என்ன சொல்லிட்டாங்க தெரியுமா? "எல்லாரும் ஆன்லைன்ல பத்து நிமிஷம் பிரசன்டேஷன் குடுங்க. சுவாரசியமா இருக்கணும்." சுவாரசியமா! லிஃப்டு சுவாரசியமா இருந்தா எவன்ண்ணே ஏறுவான்?

போட்டிக்கு ஒருத்தன் இருக்கான். நாங்க அவனைப் பவுடருன்னுதான் சொல்லுவோம். லிஃப்டு குழிக்குள்ள அவன் எட்டிப் பாத்ததே கெடையாது, சட்டை அழுக்காயிடும்ல. ஆனா ஆன்லைன்ல வந்தான்னா... அடடடா! பின்னாடி கடற்கரை. வீட்டுல அது துணி காயப்போட்ட சுவருண்ணே, கம்ப்யூட்டர் கடற்கரை ஆக்கிடுது. இவன் தலையை இப்படித் திருப்புவான், ஒரு காது கடலுக்குள்ள போயிடும். இந்தப் பக்கம் திரும்புவான், காது வந்துரும், மூக்கு போயிடும். "ஹலோ எவ்ரிபடி! நான் பேசுறது கேக்குதா? ஸ்கிரீன் தெரியுதா? சூப்பர், சூப்பர், சூப்பர்!" எதுக்குடா சூப்பர்? இன்னும் ஒண்ணுமே சொல்லலியேடா! ஸ்லைடுல லிஃப்டு படம் போட்டு, அம்புக்குறி பறந்து வந்து குத்துது. என்ன குத்துதுன்னு அவனுக்கே தெரியாது. இவன் மேல வந்தா, எங்க வீட்டுக்காரரு அறுபது வரைக்கும் இவன் சொல்ற குழியில இறங்கணும். முட்டியோட!

விடுவேனா நான்? போன்ல ஒரு வகுப்பு வந்துச்சு. 'ஆன்லைனில் அசத்துவது எப்படி'. ஒரு மணி நேரம், இலவசம். வாத்தியாருக்குப் பல்லு மொத்தம் எத்தனைன்னு எண்ணலாம், அவ்வளவு சிரிப்பு. "நண்பர்களே... கேமரா ஒரு கண்ணாடித் துண்டு அல்ல... அது ஒரு மனிதர்! அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்!" அப்புறம் என்ன சொன்னாரு... "இடைவெளி விடுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். இடைவெளியில்தான் வலிமை." நான் நோட்டுல எழுதி, அடிக்கோடு போட்டு... அண்ணே, அந்த மேல்பக்கத்தைச் சொரண்டாதீங்க, கோளாறு அங்க இல்லன்னேன்ல? அது கோளாறு இல்ல, அது நான் வெச்சது. சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன். நீங்க அடியைக் கழட்டுங்க.

ஸ்லைடெல்லாம் நானே பண்ணேன். சூரியன் மறையுற மாதிரி ஒரு பின்னணி. எழுத்து ஒவ்வொண்ணா உருண்டு வரும். ஸ்லைடு மாறுறப்பல்லாம் கைதட்டல் சத்தம் வெச்சேன், எவனும் தட்டலேன்னா? இவரு பாத்துட்டு 'ம்ஹும்'னாரு. விபத்துக் கணக்கு வர்ற ஸ்லைடுக்குக் கைதட்டல் வேணாமாம். அதை எடுத்தேன். அவரு சொன்னதுல அது ஒண்ணுதான் கேட்டேன்னு வெச்சுக்கோங்களேன்.

ஒத்திகை பாத்தோம். "கேமராவைப் பாருங்க"ன்னா கடிகாரத்தைப் பாக்குறாரு. "சிரிங்க"ன்னா பல்வலிக்காரன் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி காட்டுறாரு. "மூணு எண்ணுங்க"ன்னேன். "லிஃப்ட் பாதுகாப்பு என்பது... ஒண்ணு, ரெண்டு, மூணு... நம் கடமை"ங்கிறாரு! வாய்விட்டு எண்ணுறாருண்ணே! எனக்கு எங்க முட்டிக்கிறதுன்னு தெரியல.

அப்பத்தான் யோசிச்சேன். கேமராவை மனுஷனா நெனைக்கணும்னா, அங்க ஒரு மனுஷ மூஞ்சி இருக்கணும்ல? இவருக்கு இந்த உலகத்துல பழகின மூஞ்சி எது? பாஸ்போர்ட் சைஸ்ல என் போட்டோ ஒண்ணு பீரோவுல கிடந்துச்சு. எடுத்து, நல்லாப் பசை தடவி, கேமராவுக்குப் பக்கத்துலயே ஒட்டிட்டேன். பாத்தீங்களா, அதான் அது! "என்னைப் பாத்துப் பேசுற மாதிரி பேசுங்க"ன்னேன். அவரு போட்டோவைப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. 'ம்ஹும்'னாரு. "என்ன ம்ஹும்? எம்மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"னு ஒரு போடு போட்டேன்.

போன வாரம் மீட்டிங்கு. அந்தப் பக்கம் ஒரு மேடம், ரெண்டு சாரு. பவுடரு முடிச்சிட்டான், காது மூக்கெல்லாம் கடல்ல விட்டுட்டு. இவரு முறை வந்துச்சு. நான் லேப்டாப்புக்குப் பின்னாடி, தெரியாத இடத்துல நின்னுக்கிட்டேன். கையால சிரிங்கன்னு காட்டுறேன், நிமிருங்கன்னு காட்டுறேன். "வணக்கம்"னாரு. அப்புறம் என் போட்டோவைப் பாத்தாரா... அவ்வளவுதான். வாய் பூட்டிக்கிச்சு! "ம்"ங்கிறாரு. மறுபடி "ம்"ங்கிறாரு. எதுக்கு இந்த ம், யாரும் ஒண்ணும் கேக்கலியேன்னு நான் மெதுவா, மெதுவாத்தாண்ணே, "பேசுங்க... கயிறைப் பத்திச் சொல்லுங்க... சிரிங்க..."ன்னு எடுத்துக் குடுக்கிறேன்.

அந்த மேடம் சொல்றாங்க, "சார், உங்க படம் பனிமூட்டமா இருக்கு. உங்க குரலும் வரலை. பின்னாடி ஒரு அம்மா பேசுறது மட்டும் தெளிவாக் கேக்குது."

எனக்கு ஒரு பக்கம் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது.

நல்ல மனசுக்காரங்க அந்த மேடம். "மெஷினைச் சரி பண்ணிட்டு வாங்க, அடுத்த வாரம் இன்னொரு தடவை கேக்குறோம். அதான் கடைசி"ன்னுட்டாங்க. அந்த அடுத்த வாரந்தாண்ணே இன்னைக்கு! அதனாலதான் சொல்றேன், இந்த மெஷினு மோசம். இதை வித்தவன் மோசம். வாங்கிக் குடுத்த என் தம்பி அதைவிட மோசம், அவன் எதையாச்சும் உருப்படியா... என்ன பண்றீங்க? அண்ணே! அதைப் பிய்க்காதீங்க! கிழியும்! ஐயோ, கிழிக்காம மெதுவா...

என்ன, என்ன காட்டுறீங்க? ஓட்டையா? இவ்வளவு சின்னதாவா? ஊசி குத்தின மாதிரில இருக்கு. இது மைக்கா? இதுவழியாத்தான் குரல் போகுமா? நான் கீழ எங்கேயோ இருக்கும்னு... சரி. போட்டோவை அது மேலயே ஒட்டியிருக்கேன், அதையும் தாண்டி என் குரல் மட்டும் போயிருக்கு, என் தொண்டை அப்படி. சரி. அந்தக் கண்ணாடியில என்ன வெள்ளையா? பசையா? கேமரா மேலயா? நான் நல்லாத்தானே தடவினேன். அதான், நல்லாவே தடவியிருக்கேன்.

தொடைச்சிட்டீங்களா. ஆன் பண்ணுங்க பாப்போம். அட... நீங்க தெரியுறீங்க! பின்னாடி பிரிண்டரு தெரியுது. நான் தெரியுறேன். ஹலோ. ஹலோ, ஹலோ. கேக்குது. நல்லாத்தான் கேக்குது.

அப்ப உள்காய்ச்சல் ஒண்ணும் இல்லியா.

மனுஷன் கண்ணையும் மறைச்சு, வாயையும் அடைச்சது என் மூஞ்சிதானா? ஒரு வாரமா தம்பியைத் திட்டினேன், வித்தவனைத் திட்டினேன், கால் மணி நேரமா உங்களைத் திட்டுறேன். நீங்க வந்தவுடனேயே அதைத்தானே பாத்தீங்க? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல! சரி... எங்க விட்டேன் நான்.

அந்தப் போட்டோவை இப்படிக் குடுங்க. நல்ல போட்டோண்ணே இது. வாயை மூடிக்கிட்டு எடுத்த ஒரே போட்டோ. ஸ்டுடியோக்காரரு, "ரெண்டு நிமிஷம் பேசாம இருங்கம்மா"ன்னு கெஞ்சி எடுத்தது. இதைப் பாத்துத்தானா அவருக்குப் பேச்சு வரல? இதுல நான் ஒண்ணுமே சொல்லலியே!

என்ன, வாசல்ல யாரு? அய்யய்யோ... இவரா? என்னங்க இது! மேல இஸ்திரி சட்டை, கீழ டவுசரு, இப்படியேவா தெருவுல நடந்து வந்தீங்க? ஊரு என்ன சொல்லும்? மணி மூணரையா? ஆயிடுச்சா? இதோ சரியாயிடுச்சு. ஒண்ணும் பெரிய கோளாறு இல்ல, சின்ன... தூசு. ஆமா, தூசு. ஏண்ணே, தூசுதானே? என்னண்ணே அவருகிட்ட போட்டோவைக் கண்ணால காட்டுறீங்க! பாத்துட்டாரு. பாருங்க, சிரிக்கிறாரு! அண்ணே, இதான், இந்தச் சிரிப்பைத்தான் ஒரு மாசமாக் கேட்டேன்! இதை அப்படியே மேடம்கிட்ட...

சரிங்க, எடுத்துக்கோங்க. பாத்து, ரெண்டு கையால புடிங்க. ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லுங்க, சுவத்துல காதை வெச்சீங்கல்ல, அதை. சூரியன் வர்ற ஸ்லைடை எடுத்துடுங்க. எல்லாத்தையும் எடுத்துடுங்க. நானும் வர்றேன், பின்னாடி ஓரமா, சத்தமே இல்லாம...

கேட்டீங்களாண்ணே? "ம்ஹும்"னுட்டுப் போறாரு.

ஆஸ்பத்திரி லிஃப்டே நின்னுச்சு. நான் நிக்க மாட்டேனா? நிக்கிறேன். இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கிறேன், நாலரை வரைக்கும். வாயே திறக்க மாட்டேன். உங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லியே? பாருங்க, அந்த முட்டியோட எவ்வளவு வேகமாப் போறாரு... அங்க போய்ப் பேசுவாருல்ல? நான் இல்லேன்னாப் பேசுவாருங்கிறீங்களா? பேசுவாரு. ஆனா அந்தப் பவுடரு இருக்கானே, அவன் விஷயம் ஒண்ணு உங்களுக்கு இன்னும் முழுசாச் சொல்லல... என்னண்ணே, சட்டையை மாட்டுறீங்க? டீயா? இப்பவா? கடையை யாரு பாத்துக்கிறது? நானா? சரி, நான் பாத்துக்கிறேன், ஆனா அந்தப் பிரிண்டரு யாரோடதுன்னு கேட்டா நான் என்ன... அண்ணே?

அண்ணே! நான் பேசுறது கேக்குதா?