சேஷன் வீட்டு ரேடியோ

பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். ரெக்கார்ட் பிளேயரின் வயரை அதில் செருகினால் பாட்டு ரேடியோ ஸ்பீக்கரில் வரும். சொந்தமாக ஸ்பீக்கர் இல்லாத பிளேயருக்கு அதுதான் வழி. நீங்கள் தமிழில் கேட்பதால் சொல்கிறேன். முதலில் வந்த போலீஸ்காரரிடம் விபத்து என்றேன். ஹிந்தியில் எனக்கு இவ்வளவு விளக்க வராது.

கிட்வாய் நகரில் சேஷன் எனக்கு மாடி வீடு. ஆபீஸிலும் ஒரே செக்‌ஷன். அவர் மாமனார் விட்டுப்போன பிளேயரையும் ரேடியோவையும் இணைத்துக் கொடுத்தது நான். அந்த ரேடியோவில் ஒரு சங்கடம். அதன் இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் ஒன்றுமில்லை. திருப்பிச் செருகினால் உள்தகட்டில் கரண்ட் ஏறி, வயர் வழியாகப் பிளேயரில் ரெக்கார்ட் மேல் எடுத்து வைக்கும் இரும்புக் கைக்கு வந்துவிடும்.

"ஷாக் கீக் அடிக்காதே, ஜம்பு அண்ணா?" என்று அவர் மனைவி விசாலாக்ஷி கேட்டாள்.

பிளக்கின் ஒரு பக்கம் பெயின்டால் சிவப்புப் பொட்டு வைத்து, "இது எப்பவும் மேல இருக்கணும்" என்றேன். அவர்கள் ஒரு நாளும் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேஷன் நாலு பேரைக் கூப்பிட்டுப் பாட்டுப் போடுவார். "நானே உக்காந்து கனெக்‌ஷன் குடுத்தேன்" என்பார். நானும் அங்கேதான் காபி டம்ளருடன் இருப்பேன். ஒரு தடவை என்றால் மறதி என்று விடலாம். வருஷக்கணக்கில் சொன்னார். எந்த வயர் எந்தத் துளையில் என்று ஒருநாள் எனக்கே விளக்கினார், அதையும் தப்பாக. எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

தொண்ணூற்றேழு ஜூனில் அவர்கள் ஹரித்வார் போனபோது சாவி என்னிடம் இருந்தது. பொட்டைச் சுரண்டிவிட்டு மறுபக்கம் வைத்தேன். பிளேயரை சேஷன் வேறு யாரையும் தொட விடமாட்டார். ஆகவே மற்றவர்களுக்கு ஆபத்தில்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

அவர்கள் திரும்பி வந்த ஞாயிறு, கூலர் ஒழுகி மொசைக் தரை முழுக்க ஈரம். சேஷன் பொட்டு மேலே இருக்கும்படி செருகி ஸ்விட்சைப் போட்டார். வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வெறுங்காலோடு நின்றபடி பேச ஆரம்பித்தார்.

"நான் நான்னு சொல்லிண்டிருக்கேன். நெஜத்துல இது ஜம்பு கைவேலை. அவன் இல்லேன்னா இந்த டப்பாவுக்கு வாயே கெடையாது."

வந்தவர்களில் ஒருவர் "அச்சா" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேஷன் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டே பிளேயரின் கையை எடுக்கப் போனார். தொடாதீர்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவர் நம்மைப் பற்றி நல்லதாகச் சொல்லும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டேன்.