ஆயுத பூசையன்று திறந்திருந்த பெட்டி

பழைய கேம் கன்சோல் சிடி படிக்கவில்லை என்றால் எடுத்தவுடன் கன்சோலைக் குறை சொல்லக் கூடாது, சார். என் கடைக்கு வருகிற எல்லாரிடமும் நான் சொல்வது இதுதான். யாரும் கேட்பதில்லை. ஒருத்தர் வாயால் ஊதுவார். ஒருத்தர் சட்டை நுனியால் சிடியைத் துடைப்பார். கல்லூரிப் பிள்ளைகள் ஏதோ வீடியோவில் பார்த்தோம் என்று பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு ஓட்டுவார்கள். சில சமயம் அது ஓடியும் தொலைக்கும். அதனால்தான் இந்தக் கிறுக்குத்தனம் ஒழியவே மாட்டேன் என்கிறது.

ஒழுங்கான முறை ஒன்றுதான். எது நன்றாக இருக்கிறதோ அதை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். வேறு சிடி போட்டுப் பார்த்தால் சிடி சரியா என்று தெரிந்துவிடும். வயரை மாற்றினால் வயர் சரியா என்று தெரிந்துவிடும். கடைசியில் தள்ள முடியாமல் எது மிஞ்சுகிறதோ, கோளாறு அதில் இருக்கிறது. இதற்குப் பெரிய மூளை வேண்டாம், பொறுமை வேண்டும். என்னிடம் அது நிறைய உண்டு.

நீங்கள் கேட்டது பரத்தைப் பற்றி. அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன், பசவராஜ் சார். நீங்கள் கொள்ளேகாலில் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகப் புரியும் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கன்னடத்தில் நான் வியாபாரம் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். வீட்டு விஷயம் மட்டும் வராது.

எங்கள் அப்பா கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது என் தங்கை தமிழ்ப்ரியா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலையில் இருந்தேன். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன கேம் பெட்டி ஒன்றைச் சரிசெய்து அவளுக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கார் ரேஸ். சாயங்காலம் விளக்கு வைத்ததும் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து விளையாடுவோம். இடது பக்கத்துக் கார் அவளுடையது. அவள் சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். நான் சந்தோஷமாக இருந்தது அந்த வருடங்களில்தான்.

கொஞ்சம் வளர்ந்ததும் அவள் சிரிப்பு குறைந்தது. வேறு அண்ணனாக இருந்தால் திட்டியிருப்பான், கை நீட்டியிருப்பான். நான் என் முறைப்படி பார்த்தேன். பூங்குழலி என்று ஒரு தோழி இருந்தாள். அவள் வந்துபோகும் நாட்களில் இவள் விளையாட உட்காரமாட்டாள். பூங்குழலியின் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அந்தப் பெண் வருவது நின்றது. பள்ளியில் மேல்கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். என் தங்கைக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று டீச்சரிடம் நானே சொல்லிவிட்டேன். பிறகு அவளுடைய போனை ரிப்பேருக்கு வாங்கினேன். அது என்னிடமே இருந்துவிட்டது. எதையும் நான் கோபத்தில் செய்யவில்லை.

படிப்பு முடித்து அவள் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். கடை எங்கள் தெருமுனையில் இருந்ததால் நானும் தடுக்கவில்லை. அங்கே சேல்ஸ்மேன் பரத். கொள்ளேகால் பக்கத்துப் பிள்ளை. வார்த்தைக்கு வார்த்தை மரியாதை, யாரையும் புண்படுத்தத் தெரியாத முகம். அவரை உங்களுக்கும் பிடித்திருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வைத்து நானே முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தினேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று, என் கடைக்கு மேல் இருக்கும் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மாடியிலிருந்து அவள் சிரிப்பு மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. கீழே நான் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்கு வலித்தது, சார்.

இந்த வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் பரத் ஒரு பழைய கேம் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"சந்தோஷ் மச்சான், ப்ரியா சின்ன வயசுல இந்த மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாளாமுங்க. செகண்ட்ஹேண்ட்ல கெடச்சுதுன்னு வாங்கிட்டேனுங்க. வீட்ல போட்டா ஒரு கேமும் படிக்க மாட்டேங்குதுங்க. ஸ்வல்ப பாத்துக் குடுங்க."

"வெச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை. படிக்காம எங்க போயிரும்."

"தசரா முடிஞ்சதும் ஓசூர் கெளம்பறமுங்க மச்சான். அங்க பெரிய கடையில வேல கெடச்சிருக்கு. அதுக்குள்ள ஆச்சுன்னா நல்லாருக்குமுங்க."

ஓசூர் என்கிற பேச்சை அப்போதுதான் நான் முதல்முதலாகக் கேட்டேன். என் தங்கை அதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. டீ சொல்லட்டுமா என்று பரத்திடம் கேட்டேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

பெட்டியைத் திறந்தேன். சிடி கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு முனகிக்கொண்டே நிற்கும். சிடியைப் படிக்கிற லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு. எந்த வீட்டிலோ அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அதன் பிறகு பெட்டியை மூடாமல் மேசையிலேயே வைத்துவிட்டேன். பரத் தினமும் வேலை முடிந்து வரும்போது எட்டிப் பார்ப்பார். இன்னும் பார்க்கணும் மாப்பிள்ளை என்பேன். ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அவரைத் தேடிக்கொண்டு ப்ரியாவும் இறங்கிவருவாள். மழை பெய்துகொண்டிருக்கும். மூன்று பேரும் அந்தத் திறந்த பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அவள் எனக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

நவராத்திரி ஆரம்பித்ததும் மாடிப்படியில் அட்டைப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஏன் என்னைவிட்டுப் போகிறாள் என்று நிதானமாக யோசித்தேன். ஓசூர் ஓர் ஊர், அதன் மேல் குறை சொல்ல முடியாது. என் தங்கை மேலும் குறை இல்லை, அவளை வளர்த்தவன் நான். என்னையும் விடாமல் சோதித்துப் பார்த்தேன் சார், நேர்மையாக. என்னிடம் ஒரு குறையும் தென்படவில்லை. மிஞ்சியது பரத்.

எங்கள் தொழிலில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கடையைக் கழுவிவிடுவோம். செருப்பு வெளியே. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், மீட்டர், மேசையில் இருக்கிற பெட்டிகள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் காலைவரை எதையும் ஓட்டமாட்டோம். மற்ற நாட்களில் கையைத் துடைக்காமல் என் மேசையைத் தொட்டால் யாராக இருந்தாலும் கத்துவேன். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, ஈரக்கையால் எல்லாவற்றையும் தொடுகிற நாள் வருடத்தில் அது ஒன்றுதான்.

வழக்கமாகப் பொட்டு வைப்பது நான். இந்த வருடம் சந்தனக் கிண்ணத்தை பரத்திடம் கொடுத்தேன்.

"மாப்பிள்ளை, ஊருக்குப் போகப் போறீங்க. இந்தத் தடவ உங்க கையால ஆகட்டும்."

"நானுங்களா மச்சான்?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் ஒரு மாதிரி ஆனது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

பக்கத்து சைக்கிள் கடை குப்புசாமி அண்ணன், என் தங்கை, எல்லாரும் பார்க்க மெயினை இறக்கினேன். மெயின் ஆஃப் பண்ணியாச்சு, தைரியமா வைங்க, நீங்க வாங்கின பெட்டிக்கு உள்ளயும் ஒரு பொட்டு வைங்க, அப்பவாவது படிக்குதான்னு பாப்போம் என்று பரத்திடம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ப்ரியா பொரியும் பழமும் எடுத்துவர மாடிக்குப் போனாள். நான் திருஷ்டிப் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு, குப்புசாமி அண்ணனையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போனேன். சூடம் ஏற்றி, சுற்றி, ஓங்கி உடைத்தேன். குங்குமம் கரைத்த தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. உள்ளே என்ன சத்தம் கேட்டது என்று எனக்குத் தெரியாது. பொரித் தட்டோடு இறங்கிவந்த என் தங்கைதான் முதலில் பார்த்தாள்.

ஷாக் அடித்துவிட்டது என்றார்கள். பழைய கட்டடம், பழைய வயரிங் என்றார்கள். நானும் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பு இல்லை, சார். நல்ல பிள்ளை என்று முதலிலேயே சொன்னேனே.

கொள்ளேகாலில் காரியமெல்லாம் முடிந்ததும் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாடிக்கு வேண்டாம் என்று என்னோடு கீழேயே, கடைக்குப் பின்னால் நான் இருக்கும் அறையில் தங்கவைத்தேன். சாப்பிடுவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் விளக்கு வைத்ததும் பாயை விரித்தேன். பரத் வாங்கிய அந்தப் பெட்டியை மூடி போட்டு முடுக்கி, டிவியில் மாட்டி, எங்கள் பழைய சிடியைப் போட்டேன். அவள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். கார்கள் வரிசையாக வந்து நின்றன.

அவள் இடது பக்கத்துக் காரைப் பார்த்தாள்.

"இது எப்போ சரியாச்சு அண்ணா?"

இந்த இடத்தில் நான் செய்தது ஒரு தொழில்காரன் தப்பு. ஒரு லென்ஸைத் துடைக்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு ரோஷம். அவர் கொண்டாந்த அன்னிக்கே படிச்சிருச்சும்மா, சும்மா பிசுக்குதான் என்றேன்.

கன்ட்ரோலரை மெதுவாகப் பாயில் வைத்தாள்.

"அப்போ பூசை அன்னிக்கு அது ஏன் தொறந்திருந்துச்சு?"

அவள் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று இன்று காலை நீங்கள் வந்து கதவைத் தட்டியபோது புரிந்தது.

ஆமாம், சார். மெயினை இறக்கியது நான்தான். அதற்கு முன்பே லைட்டு, ஃபேன் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவைத்ததும், அந்த ஒரு பெட்டியின் வயரை மட்டும் பிளக்கில் விட்டுவைத்ததும் நான்தான். பூசணிக்காயோடு வெளியே போகும்போது, ஷட்டர் ஓரத்தில் இருக்கும் மெயினைத் திரும்ப ஏற்றியதும் நான்தான். என் தங்கையின் கத்தல் கேட்டு ஓடிவந்தபோது மறுபடி இறக்கிவிட்டேன். நான் இறக்கியதை எல்லாரும் பார்த்தார்கள், ஏற்றியதை யாரும் பார்க்கவில்லை. பெட்டிக்கு உள்ளே, எந்த ஓரத்தில் வீட்டுக் கரண்ட் நேராக வந்து இறங்குமோ, அந்த ஓரம் அவர் கைக்கு முன்னால் வருகிற மாதிரி பெட்டியைத் திருப்பி வைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். பெட்டி சரியாகிவிட்டது. சிடியும் சரி. பூங்குழலி இல்லை, ஓசூர் இல்லை, பரத்தும் இல்லை. அப்படியும் அவள் அன்று என்னோடு விளையாடவில்லை. என் முறையில் தப்பு வந்ததே கிடையாது.

அவள் உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே வரும்போது பார்த்தேன். அவளை என்னோடு ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், சார். இன்னும் நான் திறந்து பார்க்காதது அவள் ஒருத்தியைத்தான்.